சென்னையிலிருந்து எல்லோரா வரை பைக்கில்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வீடு திருவொற்றியூரில். கையில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. மே மாதம் 16 நாள் லீவு கிடைக்கும். சென்னை, ஹம்பி, எல்லோரா, கஜுராஹோ, கோனார்க், திரும்பச் சென்னை என்று ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். "வண்டி தாங்குமா? கட்டிடக்கலை நான் படித்ததில்லை, அங்கே போய் நின்றால் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சின்னது: ஒழுங்காகப் பராமரித்த வண்டி தாங்கும். இரண்டாவதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. வண்டி ஓட்டிய நேரம் போக, கோயிலுக்கு முன்னால் நிற்க எவ்வளவு நேரம் மிஞ்சும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வட்டம் 5,000 கிலோமீட்டரை நெருங்கும். 16 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 310 கி.மீ. நம் சாலைகளில் ஊர், வேகத்தடை, லாரி எல்லாம் சேர்த்து 350 சிசி வண்டிக்குச் சராசரி 50 கி.மீ. வேகம் கிடைத்தால் நல்லது. அப்படியானால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். டீ, சாப்பாடு, பெட்ரோல், முதுகை நிமிர்த்த ஒரு மரநிழல் எல்லாம் சேர்ந்தால் எட்டு மணி நேரம். ஒரு நாள் கூட ஓய்வில்லாமல், 16 நாளும் இப்படி. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஆறு மணிக்குக் கதவடைக்கும் இடத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். கஜுராஹோவையும் கோனார்க்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அவை தனிப் பயணத்துக்கு உரியவை. ரயிலில் போய் அங்கே தங்கிப் பார்த்தாலும் குறைவில்லை.

நான் கட்டிடக்கலை படித்தவன். பழைய கல் கட்டிடங்களை அளந்து வரைபடம் போடுவதும், பழுதுபார்ப்புக்கு ஆலோசனை சொல்வதும் என் தொழில். கீழே சொல்லப்போகும் பாதையில் வேலைக்காகவும் ஆசைக்காகவும் பல வருடங்களாக பைக்கில் போய்வருகிறேன். கல்வெட்டு எழுத்தைப் படிக்கும் பயிற்சி எனக்கில்லை. அதனால் கல்வெட்டுச் செய்தி என்று நான் சொல்வதெல்லாம் அறிஞர்கள் படித்துப் பதிப்பித்தவை. என்ஜின் சமாச்சாரத்திலும் அடிப்படை மட்டும்தான் சொல்வேன், மிச்சம் உங்கள் மெக்கானிக்கின் பாடு.

என் யோசனை இதுதான். ஊர்களைப் பட்டியல் போட்டு டிக் அடிக்காமல், ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு போங்கள். நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த கதை ஒன்று இருக்கிறது: காஞ்சிப் பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் நடந்த போர். வாதாபி என்பது இன்றைய பாதாமி, வட கர்நாடகத்தில் இருக்கிறது. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டான் என்று ஐஹொளே கல்வெட்டு பெருமையடிக்கிறது. கி.பி. 642-ஐ ஒட்டிப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து, அங்கேயே பாறையில் தன் வெற்றியைப் பொறித்தான். ஏறத்தாழ நூறு வருடம் கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். இந்தப் படைகள் போய்வந்த திசையில்தான் நீங்களும் வண்டி ஓட்டப் போகிறீர்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் இரண்டு பக்கமும் கட்டிய கட்டிடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் எல்லோராவில் நின்றால், அதுவரை பார்த்தது எல்லாம் அங்கே ஒன்று கூடியிருப்பது உங்களுக்கே தெரியும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் நாள் மாமல்லபுரத்தில் தங்குங்கள். ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊருக்கு எதற்கு ஒரு நாள் என்று தோன்றும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததை மறந்துவிட்டு, இதைப் பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரதங்களில் தர்மராஜ ரதத்தின் முன்னால் நின்று கீழிருந்து மேலே பாருங்கள். மேல் தளங்கள் நகை போல முடிந்திருக்கின்றன, அடித்தளம் கரடுமுரடாக அப்படியே நிற்கிறது. அடுத்து, ஊருக்கு மேற்கே இருக்கிற பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிப் போங்கள். அங்கே கூட்டம் வருவது அபூர்வம். அவற்றிலும் மேற்பாதி செதுக்கி முடிந்து, கீழ்ப்பாதி வெறும் பாறையாக இருக்கும். ஒற்றைக் கல் கோயிலை மேலிருந்து கீழாகத்தான் வெட்டினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சாரம் கட்ட வேண்டாம், மேலே செதுக்கி முடித்த இடம் கீழே வேலை செய்பவனால் கெடாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோராவில் கைகொடுக்கும்.

அங்கேயே உறுப்புகளின் பெயரையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு தென்னாட்டு விமானத்தில் கீழிருந்து அதிட்டானம், சுவர், அதற்குமேல் கூரை விளிம்பான பிரஸ்தரம், பிறகு தளங்கள், கழுத்து, சிகரம், உச்சியில் ஸ்தூபி. ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சின்னச் சின்னக் கோயில்கள் மாலை போல வரிசையாக இருக்கும். மூலையில் இருக்கிற சதுரமானது கர்ணகூடு, நடுவில் நீளமாக வண்டிக்கூடு போல இருப்பது சாலை. வளைந்த கூரை விளிம்புக்குப் பெயர் கபோதம், அதில் லாடம் போல எட்டிப் பார்ப்பது கூடு. பீம ரதம் முழுக்கவே ஒரு பெரிய சாலைதான். நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும், அதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். பக்கத்தில் ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த உறுப்புகளைக் கோணல்மாணலாகவாவது வரைந்து பாருங்கள். போட்டோ எடுத்தால் கண் வேலை செய்யாது, கோடு போட்டால்தான் எத்தனை தளம், எத்தனை கூடு என்று எண்ணத் தோன்றும்.

மாமல்லபுரத்தில் எதை எந்த மன்னன் செய்தான் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. முதலாம் நரசிம்மவர்மனான மாமல்லனில் தொடங்கி, இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் வரை பல தலைமுறை என்பது பரவலான கருத்து. எல்லாமே ராஜசிம்மன் ஒருவன் காலத்து வேலைதான் என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். கட்டிட உறுப்புகளை வைத்துப் பார்க்கிற எனக்குப் பல தலைமுறை என்பதே பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அது என் சாய்வு, தீர்ப்பு இல்லை. கைடு யாராவது ஒரே மூச்சில் பெயரும் வருடமும் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கல்லில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். மதியம் கோயில் நடை சாத்துவார்கள் என்பதால் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். இங்கே நீங்கள் நேரம் கொடுக்க வேண்டியது கைலாசநாதர் கோயிலுக்கு. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. இப்போது பாறையை வெட்டவில்லை, கல்லை அடுக்கிக் கட்டுகிறார்கள். எடை தாங்குகிற அடிவரிசை கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் செதுக்கச் சுலபம், ஆனால் காற்றிலும் ஈரத்திலும் அரித்துப்போகும். அரித்ததை மூடப் பிற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அதனால் மழுங்கிய ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுப் பல்லவச் சிற்பி சுமாராகச் செய்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், நீங்கள் பார்ப்பது பல இடங்களில் பூச்சுக்காரரின் கைவேலை. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலின் வளைவு கூடத் தெரியும், அங்கே பார்வையை நிறுத்துங்கள். மதிலையே சின்னக் கோயில்களின் வரிசையாக மாற்றியிருப்பதையும், மூலைக்கு மூலை பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்களையும் பாருங்கள்.

முன் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த விக்கிரமாதித்தன் பொறித்தது. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தும் அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்கிறது. எதிரியின் கல்வெட்டு அந்த ஊர்க் கோயில் தூணிலேயே இன்னும் நிற்கிறது! அர்ச்சகரையோ காவலரையோ பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள், ஏனென்றால் இந்தக் கதையின் அடுத்த பக்கம் பாதாமிக்குப் பக்கத்தில் பட்டடக்கல்லில் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாற்றையே வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதையும் விட வேண்டாம்.

காஞ்சியிலிருந்து ராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் என்று பழைய பெங்களூர் சாலையைப் பிடியுங்கள். புதிதாகப் போடும் விரைவுச்சாலையில் பைக்குக்கு அனுமதி இல்லை, அது ஒரு இழப்பும் இல்லை. பலமனேர் பக்கம் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம், யானை நடமாட்டம் உள்ள இடம். வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். பெங்களூருக்குள் நுழையவே வேண்டாம். கோலாரிலிருந்து சிக்கபள்ளாப்பூர் திரும்பி, நந்தி மலை அடிவாரத்தில் இருக்கிற போக நந்தீஸ்வரர் கோயிலைப் பாருங்கள். மலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஓடுகிற கூட்டம் கண்டுகொள்ளாத கோயில், 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பல அரசர்களின் கை பட்டது. அங்கிருந்து கௌரிபிதனூர், ஹிந்துபூர் வழியாக லேபாக்ஷி. எல்லோரும் துணியை நுழைத்துப் பார்க்கும் தொங்கும் தூணை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மண்டபக் கூரையில் இருக்கிற 16-ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்கு அண்ணாந்து நில்லுங்கள். புடவைக் கரைகளை மட்டும் பார்த்தாலே பொழுது போய்விடும்.

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று பைக்கில் கிடைக்கும்: கல் மாறுவது கண்ணில் படும். கோலாரிலிருந்து ஹம்பி வரை உருண்டைக் கருங்கல் பாறைகள். கஜேந்திரகட் தாண்டினால் அடுக்கடுக்கான சிவப்பு மணற்கல் முகடுகள். விஜயபுரா (பழைய பீஜப்பூர்) தாண்டினால் கரிசல் மண்ணும், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கறுத்த பசால்ட் பாறையும். கல் மாறும்போதெல்லாம் சிற்பியின் கையும் மாறுகிறது. கருங்கல்லில் அடக்கமான ஆழம், மணற்கல்லில் துளைத்துக் குடைந்த நுணுக்கம். இதை எந்த வகுப்பறையிலும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஹம்பி நம் கதைக்கு 700, 800 வருடம் பிற்பட்டது. ஆனாலும் தாண்டிப் போக மனம் வராது, இரண்டு இரவு தங்குங்கள். விட்டலர் கோயில் கல் தேரை எல்லோரும் காட்டுவார்கள். நான் சொல்வது வேறு. எந்தப் பாறைக்காவது பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில், தீப்பெட்டி நுழைகிற அளவில் சிறிய குழிகள் வரிசையாக இருக்கும். ஆப்பு வைத்துப் பாறையைப் பிளக்கப் போட்ட குழிகள் அவை. சில பாறைகளில் குழி மட்டும் போட்டு, பிளக்காமல் விட்டிருப்பார்கள். சிலவற்றில் பிளந்த முகத்தின் விளிம்பில் பாதிக் குழிகள் பல்வரிசை போல நிற்கும். மர ஆப்பை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிளந்தார்கள் என்று அடித்துச் சொல்வார்கள். இரும்பு உளியும் இரும்பு ஆப்புமே போதும் என்று கல்லுடைக்கும் தொழிலாளர்கள் இன்றும் செய்துகாட்டுகிறார்கள். இரண்டு வழியும் சாத்தியமே, மர ஆப்பு மட்டும்தான் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஹேமகூடக் குன்றின் மேலிருக்கிற சின்னக் கோயில்களின் படிக்கட்டுக் கூரைகளையும் பாருங்கள், விஜயநகரத்துக்கு முந்தைய பாணி அங்கே தங்கியிருக்கிறது.

ஹோஸ்பேட்டையிலிருந்து குஷ்டகி, கஜேந்திரகட் வழியாகப் பாதாமி. சாலையோரக் கானாவளியில் ஜோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் ஓட்டுகிறவன் வயிற்றுக்கு அது கனக்காது. பாதாமியில் குரங்குத் தொல்லை அதிகம். வண்டியில் பையைக் கட்டி வைத்துவிட்டு, பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில்களுக்கு ஏறினால் திரும்பி வரும்போது பையில் ஜிப் இருக்காது. ரூமில் வைத்துவிட்டு நடந்தே போங்கள். மூன்றாம் குடைவரையில் சாளுக்கிய இளவரசன் மங்களேசன் பொறித்த கல்வெட்டு இருக்கிறது, வருடம் 578. தென்னிந்தியக் கோயில்களில் இவ்வளவு பழைய, தேதி உறுதியான இடம் அரிது. முதல் குடைவரைக்கு வெளியே பதினெட்டுக் கை நடராஜர். சாயங்கால வெயில் குளத்துக்கு எதிரே இருக்கிற பாறை மேல் விழும்போது மாலெகித்தி சிவாலயத்துக்கு ஏறுங்கள். ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், காஞ்சி கைலாசநாதருக்கு முந்திய தென்னாட்டுப் பாணி விமானம் அது. காஞ்சியிலிருந்து சிற்பிகளைக் கூட்டிப்போய்த்தான் சாளுக்கியர் கோயில் கட்டக் கற்றார்கள் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வது வழக்கம். இந்தக் குன்றில் ஏறிப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் கை இருந்தது.

அடுத்த நாள் பட்டடக்கல், அங்கிருந்து ஐஹொளே. இரண்டும் சேர்த்து முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம்தான், அதனால் விடிகாலையிலேயே பட்டடக்கல்லில் இருங்கள். விரூபாக்ஷர் கோயிலை விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி எடுப்பித்தாள். தன் கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. காஞ்சித் தூணில் பார்த்த அதே விக்கிரமாதித்தன். இப்போது மாமல்லபுரத்தில் பழகிய பெயர்களை ஒவ்வொன்றாக இங்கே பொருத்திப் பாருங்கள். அதிட்டானம் இருக்கிறது, கபோதம் இருக்கிறது, கூடு இருக்கிறது, கர்ணகூடும் சாலையும் மாலை கட்டி நிற்கின்றன, சுற்றுமதிலை ஒட்டிச் சின்னக் கோயில்கள் கூட இருக்கின்றன. கட்டியவர்களின் பெயரும் கிடைத்திருக்கிறது: குண்டன் அனிவாரிதாசாரி, சர்வசித்தி ஆசாரி. சர்வசித்திக்குத் தென் திசையின் சூத்ரதாரி (தலைமைச் சிற்பி) என்று ஒரு பட்டம். தென் திசை என்றால் காஞ்சியா, சாளுக்கிய நாட்டின் தென்பகுதியா, தென்னாட்டுப் பாணியில் வல்லவன் என்பதா? மூன்றுக்கும் வாதம் உண்டு. அரசன் காஞ்சிக் கோயிலைப் பார்த்து வியந்தான், திரும்பியதும் அதன் சாயல் இங்கே வந்தது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். சிற்பிகளையும் கூட்டிவந்தான் என்பது ஊகம்.

அங்கிருந்து சில அடி நடந்தால் காசி விஸ்வநாதர், கலகநாதர் கோயில்கள். கோபுரம் வேறு மாதிரி, வளைந்து மேலே குவியும் வடநாட்டு ரேகா சிகரம். தெற்கும் வடக்கும் ஒரே வளாகத்தில் தோளோடு தோள் நிற்பதை இவ்வளவு அருகில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஐஹொளேயில் துர்க்கை கோயிலின் பின்பக்கம் போய் நின்றால் நகுல சகாதேவ ரதத்தின் தூங்கானை வடிவம் நினைவுக்கு வரும், மேலே மட்டும் வடநாட்டுச் சிகரம். இதையும் லாட்கான் கோயிலையும் 5-ஆம் நூற்றாண்டு என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் 7, 8-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தேதியில் சந்தேகமே இல்லாதது குன்றின் மேலிருக்கிற மேகுட்டி சமணக் கோயில், 634. காஞ்சி மதிலுக்குப் பின்னால் பல்லவன் ஒளிந்தான் என்று முன்னால் சொன்னேனே, அந்த வரி இருப்பது இதன் சுவரில்தான்.

இனி எல்லோராவுக்கு நீண்ட ஓட்டம். வழியில் விஜயபுராவில் கோல் கும்பஸ், 1656. கோயில் கதைக்கு வெளியே என்றாலும் வழியிலேயே நிற்பது. உள்ளே ஒரு தூண் கிடையாது, உள்விட்டம் சுமார் 38 மீட்டர் உள்ள கும்மட்டம். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைவுகள் எடையை எப்படிச் சுவருக்கு இறக்குகின்றன என்று கீழே நின்று பாருங்கள். எதிரொலி மாடத்தில் கத்தும் கூட்டம் சேருமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள். அதன் பிறகு சோலாப்பூர், பீட், சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய அவுரங்காபாத்), எல்லோரா.

எல்லோராவின் 16-ஆம் எண் குடைவரையான கைலாசம் கோயிலுக்குள் உடனே நுழைய வேண்டாம். பக்கத்துக் குன்றின் மேலே ஏறி விளிம்பிலிருந்து கீழே பாருங்கள். வலையன்குட்டையில் பாதியில் நின்றுபோன வேலை, இங்கே பின்பக்கம் 30 மீட்டருக்கு மேல் ஆழம் இறங்கியிருக்கிறது. வெளி முற்றம் 80 மீட்டருக்கு மேல் நீளம். ஆனால் வெட்டி எடுத்த உருவம் எது? விமானம், மண்டபம், தனி நந்தி மண்டபம், வாசல் என்று பட்டடக்கல் விரூபாக்ஷரின் அமைப்பேதான். கட்டிய கோயில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, மாமல்லபுரத்து முறையில் மேலிருந்து கீழே வெட்டியிருக்கிறார்கள். சாளுக்கியரை வீழ்த்திய ராஷ்டிரகூடரில் முதலாம் கிருஷ்ணன் காலத்து வேலை, 756 முதல் 773 வரை ஆண்டவன். செய்த சிற்பியே இதை எப்படிச் செய்தேன் என்று வியந்ததாக 812-ஐ ஒட்டிய பரோடா செப்பேடு சொல்கிறது. இத்தனை லட்சம் டன் கல்லை இத்தனை வருடத்தில் வெட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குக்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் கிடையாது. கோயிலின் சில பகுதிகள் பின்னால் சேர்ந்தவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கீழே இறங்கியதும் அதிட்டானத்தைத் தாங்கும் யானைகளை நெருங்கிப் பாருங்கள். மேலே சில இடங்களில் வெள்ளைச் சாந்தும் நிறமும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் வண்ணம் பூசி நின்ற கட்டிடங்கள், நாம் பார்ப்பது எலும்பை.

பார்க்கிற கருவி பற்றி ஒன்று. நல்ல கேமராவுக்குச் செலவு செய்வதைவிட ஒரு சின்ன பைனாகுலரும் டார்ச்சும் வாங்குங்கள். விமானத்தின் மூன்றாம் தளத்தில் இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது, குடைவரையின் உள்மூலை செல்போன் வெளிச்சத்தில் விளங்காது. ட்ரைபாடுக்கும் ட்ரோனுக்கும் தொல்லியல் துறை இடங்களில் முன் அனுமதி வேண்டும், விட்டுவிடுங்கள்.

வண்டிக்கு வருவோம். கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸ் விடாதீர்கள். மூன்று வாரம் முன்னால் விட்டு, 500 கி.மீ. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால்தான் சரியாக இறுக்காத போல்ட் வெளியே தெரியும். செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், டயர் என எதிலாவது சந்தேகம் இருந்தால் இங்கேயே மாற்றுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று, பிரேக், கிளட்ச் லீவர் ஒவ்வொன்று, ஃபியூஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும். ஸ்போக் சக்கரம் என்றால் ட்யூப் டயர், உதிரி ட்யூபும் கழற்றும் லீவரும் வேண்டும். அலாய் என்றால் பஞ்சர் கிட் போதும். இரண்டு நாளைக்கு ஒரு முறை இரவில் வண்டி சூடாக இருக்கும்போதே செயினுக்கு ஸ்ப்ரே அடியுங்கள். டேங்க் 13 லிட்டர், பாதிக்கு வந்ததும் நிரப்புவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் எந்தப் பகுதியிலும் கவலை இல்லை.

சாலையில் நான் உண்மையில் பயப்படுவது ஒன்றே ஒன்று. பாகல்கோட், விஜயபுரா, சோலாப்பூர் பக்கம் குளிர்காலத்தில் கரும்பு வெட்டு. இரண்டு ட்ரெய்லர் கோர்த்த டிராக்டர், பின்விளக்கு இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, இருட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். கிட்டே போகும்வரை தெரியாது. ஆறு மணிக்கு மேல் ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள், அறை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அங்கேயே தங்கிவிடுங்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். பெல்லாரியிலிருந்து சோலாப்பூர் வரை 40 டிகிரி தாண்டும், கறுத்த பாறை நடுவில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமைக்கு லீவை மாற்றுங்கள். சனி மாமல்லபுரம், ஞாயிறு காஞ்சி, திங்கள் நந்தி, செவ்வாய் லேபாக்ஷி பார்த்து அனந்தபூர், புதனும் வியாழனும் ஹம்பி, வெள்ளி பாதாமி சேர்ந்து சனி அங்கே, ஞாயிறு பட்டடக்கல்லும் ஐஹொளேயும், திங்கள் விஜயபுரா வழியாக சோலாப்பூர், செவ்வாய் சம்பாஜிநகர், புதன் எல்லோரா. எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை, இந்தக் கணக்கில் அது உங்களைத் தொடாது. வியாழன் காலை இன்னொரு முறை கைலாசம் பார்த்துவிட்டு மதியம் பீட் வரை இறங்குங்கள்.

திரும்பும்போது ஹைதராபாத் வேண்டாம். சோலாப்பூர், கலபுரகி, ராய்ச்சூர் வழியாகக் கர்நூல் வந்தால் பக்கத்திலேயே ஆலம்பூர். நவபிரம்மக் கோயில்கள் என்று அதே சாளுக்கியர் கட்டியவை, பெரும்பாலும் வடநாட்டுச் சிகரம். ஸ்ரீசைலம் அணை நீரில் மூழ்க இருந்த கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து வந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள், என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுவே தனி யாத்திரை. கடைசி நாள் கர்நூல், கடப்பா, ரேணிகுண்டா, சென்னை. ஏறத்தாழ 480 கி.மீ., பயணத்திலேயே நீளமான ஓட்டம். உடம்பு அசந்தால் திருப்பதியில் படுத்துவிட்டு, திங்கள் ஒரு நாள் கூடுதல் லீவு போடுங்கள். மொத்தம் 2,700 கி.மீ. சுற்றளவில் வரும், உங்கள் முதல் திட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மே தவிர வேறு லீவே கிடைக்காது என்றால் இந்தப் பாதையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டு, மைசூர்ப் பக்கம் சோமநாதபுரம், அங்கிருந்து பேலூர், ஹளேபீடு என்று ஹொய்சளர் கோயில்களுக்குப் போங்கள். வெயில் அந்த அளவுக்கு வாட்டாது, பத்து நாள் போதும். கல் அங்கே மென்மையான மாக்கல், பார்க்கும் முறையும் வேறு. போவதாக இருந்தால் சொல்லுங்கள், அதற்குத் தனியாக எழுதுகிறேன்.